மாதாவுக்குக் கொடுத்த முடி

சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் குசினி அடுப்பிலிருந்து, செம்பருத்திப் பூ போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் வாசம் தெருவரை வரும். பிலோமி அக்காவை அம்மா தரையில் உட்காரவைத்து, இடுப்புக்குக் கீழே இறங்கும் அவள் முடியைப் பொறுமையாகச் சிக்கெடுப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் எலிவாலைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பத்தொன்பது.

அப்பா தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்குத் தோணியில் போகிறவர். நான் பிறப்பதற்கு முன்பு ஒருமுறை, காற்றில் சிக்கிய தோணி மூன்று வாரமாக வந்து சேராமல்போக, அம்மா மாதா கோயிலில் முழங்காலிட்டு, "அவரக் கரையில சேத்துரு தாயே, என் மூத்த பிள்ளைய உனக்கே கன்னியாஸ்திரியாத் தந்துருதேன்" என்று நேர்ந்துவிட்டாள். அப்பா வந்து சேர்ந்தார். அதன்பிறகு அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அக்காவைக் கல்யாணக் கோலத்தில் பார்க்கத்தான் அவளுக்கு ஆசை. சாயங்கால ஜெபத்தில் "உம்முடைய சித்தம்" என்ற இடம் வரும்போது மட்டும் அவள் குரல் அமுங்கிப்போகும்.

அத்தை மகன் மிக்கேலுக்கு அக்காவைக் கேட்டு வந்தார்கள். அக்காவுக்கும் அவர்மேல் கொள்ளைப் பிரியம். அவர் பேச்சு வந்தாலே எழுந்துபோய்த் தண்ணீர்ப் பானையை மூடிவிட்டு வருவாள், அது ஏற்கெனவே மூடித்தான் இருக்கும். எட்டு மாதம் தள்ளிக் கல்யாணம் என்று பேசி முடித்த அன்றே அம்மாவுக்குப் பழைய பயம் பிடித்துக்கொண்டது. பங்குச் சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். "இன்னொருத்தர் வாழ்க்கைய நேருததுக்கு உங்களுக்கு உரிமையில்லம்மா, போயி கல்யாண வேலையப் பாருங்க" என்று அவர் அனுப்பிவைத்தார். அதோடு விட்டிருக்கலாம். "அதெப்படி? மாதாவுக்கு ஏதாச்சும் குடுக்கணும்லா" என்று அம்மா தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். பிள்ளைக்குப் பதிலாகப் பிள்ளையின் முடி. எட்டு மாதத்தில் கொஞ்சமாவது வளர்ந்துவிடும் என்பது அவள் நினைப்பு.

கோயிலுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் மொட்டை போட்டார்கள். அக்கா அழவில்லை. "ஏளா, அத்தான் பாத்தா சிரிப்பாவளோ" என்று மட்டும் என்னிடம் கேட்டாள்.

மறுநாள் வந்த அத்தை, மொட்டைத் தலையைப் பார்த்துத் திகைத்துக் காரணம் கேட்க, பாரம் இறங்கிய நிம்மதியில் அம்மா நேர்ச்சைக் கதை முழுவதையும் சொல்லிவிட்டாள். அத்தையின் முகம் வெளுத்தது. "மாதாவுக்கு நேந்த பிள்ளையா இவ? எம்மவன் கடல்ல பொழைக்கவன். எனக்குப் பயமா இருக்கு மைனி" என்று, காப்பியைத் தொடாமல் எழுந்துபோனாள். சாமியார் சொன்னதை அம்மா பின்னாலேயே போய்ச் சொல்லியும் எடுபடவில்லை. எங்கள் தெருவில் எல்லா வீட்டு ஆண்களும் கடலுக்குப் போகிறவர்கள்தான். அக்காவின் முடி தோள்வரை வளர்ந்த பிறகும் அவளைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. மிக்கேல் அத்தானுக்கு வேம்பாரில் பெண் எடுத்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து, மடத்துக்குப் போகிறேன் என்று அக்காவே சொன்னாள். அம்மா அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நான் அன்னைக்கே கரைக்கு வராம இருந்திருக்கலாம்" என்றார் அப்பா. அம்மாவின் மேல் அன்றைக்கு எனக்கு வந்த கோபம், அவளை அடக்கம் செய்த பிறகும் போகவில்லை.

பாய் விரித்துப் போன அந்தத் தோணிகள் இன்று இல்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் விமானமேறி வேலைக்குப் போகிறார்கள். நேர்ந்துவிட்ட பெண் என்று பயப்பட இப்போது யாரும் இல்லை. போன மாதம் என் மகளுக்கு மூன்றாவது முறையாகக் கரு கலைந்தது. எனக்காக எதையும் கேட்டுப் பழக்கமில்லாத நான், மகளுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லி அக்காவைத் தேடி மடத்துக்குப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா, நான் ஆண்டவருகிட்ட ஒண்ணும் கேக்கதே இல்ல. கேட்டா தந்துருவாரு" என்றாள்.

வரும் வழியில் மாதா கோயிலுக்குள் போய் முழங்காலிட்டேன். வாய் வரை வந்ததைக் கேட்கப் பயந்து எழுந்து வந்துவிட்டேன். வேண்டிக்கிட்டியாம்மா என்று மகள் போனில் கேட்டாள். ஆமாம் என்றேன்.