செபஸ்தியான் அண்ணன் ஓட்டிய வண்டியும் ஓட்ட மறுத்த வண்டியும்

அலுவிகாரையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது செபஸ்தியான் அண்ணனின் மனைவி ரோஸ்லின் அக்காவின் அழைப்பு வந்தது. "தம்பி, அண்ணன் போயிட்டாருப்பா. தேத்தண்ணி குடிச்சிட்டு கதிரையில இருந்தாரு. எழுப்பப் போனா எந்திரிக்கல" என்றார். எதிர்ப்பக்கம் போய் அடுத்த பஸ்ஸைப் பிடித்து, மாத்தளையில் மாறி, அவர்களுடைய ஊரான எல்கடுவைக்கு ஏறினேன்.

மரண வீட்டில் நடந்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. மாத்தளை டவுனில் ஆளில்லா வாகனம் ஓட்டப் பழக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. பழகியவர்களை ஏதோ ஒரு நாட்டின் சண்டைக்கு அனுப்பி வைப்பதுதான் அவர்களுடைய தொழில். அதன் பணிப்பாளர் வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையுமாக வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மைக் பிடித்தார். "ஆளில்லாப் போர் வாகனத் துறையில் எமது மாவட்டத்தின் முன்னோடி" என்றார். குடித்துக்கொண்டிருந்த ப்ளேன்டீ எனக்குப் புரைக்கேறியது. அடப்பாவி! அண்ணன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான் அந்த நிலையத்துக்குப் போனார். போய் என்ன சொல்லிவிட்டு வந்தார் என்பது இந்த மனிதருக்கு நன்றாகத் தெரியும். செத்தவர் எழுந்து வந்து மறுக்க மாட்டார் என்ற தைரியம். மாலை வேறு போட்டார், பெரிய மாலை.

அண்ணனோடு பழகியவர்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யுத்தம் முடிந்தபின் வன்னியில் மிதிவெடி அகற்றிய குழுவொன்றில் நாங்கள் இருவரும் பல வருடம் வேலை செய்தோம். நான் மொழிபெயர்ப்பாளன், நிழலில் நின்று மூன்று மொழியில் வாயடிப்பது என் வேலை. அவர் மெஷின் ஓட்டுநர். சின்ன டிராக்டர் அளவு வண்டி அது. முன்னால் சங்கிலிகள் சுழன்று மண்ணை அடித்துக்கொண்டே போகும். உள்ளே ஆள் கிடையாது. அண்ணன் தூரத்தில், இரும்புத் தடுப்புக்குப் பின்னால், ரிமோட் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பார்.

ஒரு நாள் பெரிய வெடியொன்றில் வண்டி மாட்டிக்கொண்டது. புகை அடங்கி, போகலாம் என்று அனுமதி கிடைத்ததும் ஓடினோம். நாலைந்து சங்கிலிகள் அறுந்து கிடந்தன. அண்ணன் மாட்டைத் தட்டுவதுபோல வண்டியின் முதுகைத் தட்டினார். "இதுக்குப் பொண்டாட்டி புள்ள இல்லடா தம்பி. வெல்டிங் பண்ணுனா நாளைக்கு வேலைக்கு வந்துரும்" என்று சிரித்தார். அதற்கு முந்தின மாதம்தான், முழங்காலில் நின்று கையால் தோண்டிய எங்கள் ஆள் ஒருவர் கையை இழந்திருந்தார். ஆளில்லாத வண்டியால் என்ன நன்மை என்று செபஸ்தியான் அண்ணனுக்கு வகுப்பெடுக்க டை கட்டிய யாரும் தேவையில்லை.

அந்த மெஷினையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பியதில்லை. நிலத்தை உரியவர்களிடம் ஒப்படைக்கும் நாளில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. மெஷின் போய், ஆட்கள் கருவி வைத்துச் சோதித்து, பெரியவர்கள் கையெழுத்துப் போட்டு, எல்லாம் முடிந்திருக்கும். அண்ணன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு அந்தக் காணியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நடப்பார். ஒருமுறை காணிக்காரப் பெண் வரம்பில் நின்றுகொண்டு உள்ளே வர மறுத்தார். "தம்பி, உந்த மெசின் பிழை விடாதோ?" என்று கேட்டார். விடாது அம்மா என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அண்ணன் முந்திக்கொண்டார். "விடும்மா, விடாம என்னா? அதுக்குத்தானே நான் முன்னுக்கு நடக்கிறேன். நீங்க என் காலடியப் பாத்து வாங்க." அந்த அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவருக்குப் பின்னால் இறங்கினார்.

வேலை முடிந்து ஊர் திரும்பியபின் அவரை அந்த நிலையத்துக்குக் கூட்டிப்போனவன் நான்தான். "நல்ல வேலை அண்ணே, கத்துக்குடுக்கிற வேலை" என்று ஆசை காட்டினேன். அங்கே திரையில் படம் ஓடியது. சுடுவதற்குத் துவக்கு பூட்டிய சின்ன வண்டியொன்று இடிந்த வீடுகளுக்கிடையே போகிறது. ஒரு மனிதன் ஓடுகிறான், விழுகிறான், முழங்காலில் நின்று இரண்டு கையையும் தூக்குகிறான். படம் அதோடு நின்றது. "பாத்தீங்களா, நம்ம ஆளு ஏசி ரூம்ல கோப்பி குடிச்சிட்டு ஓட்டுறாரு. நம்ம பக்கம் ஒரு கீறல் இல்ல" என்று பணிப்பாளர் பூரித்தார். கதிரைகளில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அண்ணன் எழுந்தார். "அந்தாளு கையத் தூக்கிட்டாரே சேர். இப்ப வண்டி என்னா செய்யும்?"

"அது ஓட்டுறவரோட தீர்மானம்."

"இருக்கட்டும். சரணடைஞ்ச ஆள இது எப்புடிப் புடிக்கும்? துவக்கு வச்சிருக்கீங்க. புடிக்கிறதுக்குக் கை வச்சிருக்கீங்களா?"

பணிப்பாளர் முகம் கறுத்தது. "ஒரு தாய்க்கு மகன் முழுசாத் திரும்பி வாறது நல்லதில்லையா?" என்று திருப்பிக் கேட்டார். கெட்டிக்காரக் கேள்விதான். அண்ணன் அதைத் தட்டிக்கழிக்கவில்லை.

"ரொம்ப நல்லது சேர். எங்க தோட்டத்து லயத்துலயே ஆமிக்குப் போயி காலு இல்லாம வந்தவன் இருக்கான். வெடி எடுக்க, காயம்பட்டவன இழுத்துட்டு வர, சோறு தண்ணி கொண்டு போக வண்டி அனுப்புங்க. ஏழு நாளும் வந்து சொல்லிக் குடுக்கிறேன். சுடுறதுக்கு மட்டும் என்னையக் கூப்பிடாதீங்க. சுடுறவன் அந்த மண்ணுல காலு வச்சு நிக்கணும்."

சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். பஸ் ஸ்டாண்ட் சுவரில் அந்தப் பயிற்சி நிலையத்தின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'உயிர்ச்சேதமில்லாத போர், உங்கள் விரல் நுனியில்.' அண்ணன் நின்று வாசித்தார். "இத யாரு எழுதினது?" என்று கேட்டார். "தெரியல அண்ணே, அவங்களே எழுதியிருப்பாங்க" என்றேன். என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "தமிழ் நல்லா இருக்கு" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சந்தித்தோம், ஒன்றாகச் சாப்பிட்டோம். அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை.

இப்போது அண்ணனின் படத்தை நிலையத்தின் வாசலில் மாட்டப் போகிறார்களாம். "கீழே நாலு வரி நல்ல தமிழ்ல எழுதிக் குடுங்க" என்று பணிப்பாளர் மரண வீட்டிலேயே என் தோளில் கைபோட்டுக் கேட்டார். "பாப்பம் சேர்" என்றேன். மாட்டேன் என்ற ஒரு சொல் அங்கே என் வாயில் வரவில்லை, வெட்கங்கெட்டவன் நான்.

ஒரு கிழமை கழித்து ரோஸ்லின் அக்காவைப் பார்க்கப் போனேன். "படம் கேக்குறாங்க தம்பி. குடுக்கவா வேணாமா? எனக்கு இது ஒன்னும் வெளங்கல. நீ சொன்னா சரி" என்றார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "குடுக்காதீங்க அக்கா. அந்த நோட்டீஸ எழுதினவனே நான்தான்" என்றேன். அக்கா அதிரவில்லை. "அது அவருக்குத் தெரியும்பா. நீயே வந்து சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தாரு" என்றார்.

அவரிடம் சொல்லக் காலம் கடந்துவிட்டது. அவரை அறிந்த உங்களிடம் சொல்கிறேன். அந்த வாசகம் என்னுடையது. அதை வாசித்துவிட்டு எல்கடுவையிலிருந்து இரண்டு பேர் அந்தச் சண்டைக்குப் போயிருக்கிறார்கள். எங்கோ ஓர் அறையில் அவர்கள் அழுத்தும் பொத்தானில் என் விரலும் இருக்கிறது. செபஸ்தியான் அண்ணனிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்த உறுத்தல்தான். இது போய்விடக் கூடாது என்றுதான் இந்த அஞ்சலிக் குறிப்பை அச்சில் ஏற்றி, அடியில் என் பெயரையும் போடுகிறேன்.