காமாட்சியின் கழுத்தில் இருந்த தடம்

சேதுபதிக்குப் பிணங்கள் மேல் என்றுமே கோபம் வந்ததில்லை. மலாக்கா ஆஸ்பத்திரிப் பிணவறையில் பதினாறு வருடமாக டாக்டர்களுக்கு உடல்களை அறுத்துக் கொடுத்துவந்தார். எரிச்சலெல்லாம் உறவினர்கள் மேல்தான். ரத்தத்தைத் துடைத்து, குளிப்பாட்டி, துணி மாற்றிக் கொண்டுவருவார்கள். பிறகு, எப்படிச் செத்தார் என்று கேட்பார்கள். காஜா பெராங் வட்டாரத்தில் இருந்த வீட்டில் மனைவி சிவகாமி இந்தப் புலம்பலைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருந்தாள்.

மலாயா சுதந்திரத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் காமாட்சியின் உடல் வந்தது. அதே காஜா பெராங்கில், தலைமுறைகளாக மலாக்காவிலேயே வாழ்ந்து மலாய் பேசும் செட்டிக் குடும்பம். மூச்சிரைப்புக்காரி; மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. தாடைக்கடியில் ஒரு தடம் காதுவரை ஏறியிருந்தது. கைக் கட்டைவிரல்களிலும் பள்ளம். கையைக் கட்டிக் கழுத்தை நெரித்திருக்கிறார்கள் என்றார் புதிதாக வந்த வெள்ளைக்கார டாக்டர். வேலையிலிருந்து ஓடிவந்த புருஷன் ஏகாம்பரத்தைப் போலீஸ் பிணவறை வாசலில் பிடித்துவைத்திருந்தது. கொலை என்று எழுதினால் தூக்குதான்.

சேதுபதிக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. இறந்தவர் வாய் பிளந்துவிடாமல் தாடையைச் சுற்றிப் போடும் நாடிக்கட்டு. கட்டைவிரல்களைச் சேர்த்துப் போடும் கட்டு. ஆனால் துணி எங்கே? யாரும் எதையும் கட்டவில்லை என்றல்லவா குடும்பம் போலீசிடம் சொல்லியிருந்தது!

வெளியே பெஞ்சில் ஏகாம்பரத்தின் தங்கை மீனாச்சி உட்கார்ந்திருந்தாள். யார் அவிழ்த்தது என்று மலாயில் கேட்டார். அவள் மடியிலிருந்த கூடையை இறுக்கிக்கொண்டு, அண்ணன் முறைவைத்து அபாங் என்று அழைத்தாள்.

"நான்தான், அபாங். போலீஸ் வண்டி வந்துச்சு. அண்ணியக் கட்டிப்போட்டுக் கொன்னுட்டோம்னு நினைச்சிடுவாங்களேன்னு பயந்துட்டேன்."

"கட்டு இருந்திருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அத அவுத்து உங்க அண்ணன் கழுத்துல போட்டுட்டே."

கூடைக்குள்ளிருந்து அவள் எடுத்த துணியோடு அவளையும் டாக்டரிடம் இழுத்துப்போனார். நடந்ததை அவளே சொன்னாள். அண்ணனைக் காப்பாற்ற எதையும் சொல்வாள் என்றார் டாக்டர். சேதுபதிக்குப் பொறுமை போய்விட்டது. தடத்துக்கு அடியில் தோலை அறுத்துப் பாருங்கள் என்றார். உயிரோடு நெரித்திருந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கும். செத்த பிறகு கட்டினால் இருக்காது.

டாக்டர் அறுத்தார். சதை வெளுத்துச் சுத்தமாக இருந்தது. பிறகு இதயத்தை எடுத்துப் பார்த்தார். அது வீங்கிப் பெருத்திருந்தது. நோயால் மரணம் என்று எழுதினார்.

போலீஸ் ஏகாம்பரத்தை விட்டது. கட்டை அவிழ்த்தது தான்தான் என்று சொல்லிக் காலில் விழுந்த தங்கையைத் தாண்டி அவன் நடந்தான்.

"ஏகாம்பரம், அவகிட்ட ஒரு வார்த்தை பேசு," என்று சேதுபதி சீறினார். "நாளைக்கு இவளையும் கொண்டாந்து என் மேசையில போடாதே."

ஏகாம்பரம் நின்றான். திரும்பி வந்து குனிந்து தங்கையைத் தூக்கினான். அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.