வழக்கோடு தூக்கிய சுரூபம்: மன்னார்குடிப் பக்கம் ஒரு பாஸ்கா

ரெஜினா மூன்று முறை போன் செய்தாள். முதல் இரண்டு முறையும் முழங்கால் வலியைச் சொல்லித் தப்பித்துவிட்டேன். மூன்றாம் முறை, "மிஸ், நாடகம் நடக்குமான்னே தெரியலை. நீங்க வந்து பக்கத்துல உக்காந்தா போதும்" என்றாள். குரல் சரியில்லை. அதனால்தான் சென்ற தவக்காலத்தின் முடிவில், ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்து ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை, இரண்டு புடவையும் ஒரு தைலப் புட்டியுமாகக் கிளம்பினேன். சுற்றுலாவாக நினைத்துப் போகவில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் பாஸ்கா பார்க்கப் போக விரும்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பாஸ்கா என்றால் இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் நாடகம். நான் கிறிஸ்தவள் இல்லை. திருச்சியில் திருச்சபை நடத்தும் ஒரு பெண்கள் கல்லூரியில் முப்பது வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தவள், அவ்வளவுதான். ரெஜினா என் மாணவி. இப்போது தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். அங்கே மாணவிகளுக்காக ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறாள். வியாழக்கிழமைதோறும் கத்தோலிக்கச் சிந்தனை, இலக்கியம், ஓவியம், நாடகம் என்று எதையாவது எடுத்துவைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். சென்ற ஆண்டு முழுவதும் ஒரே சண்டை: கிறிஸ்துவாக ஒரு மனிதர் நடிக்கலாமா? "கடவுள் மனுஷனாப் பிறந்தாருன்னுதானே மிஸ் நம்ம விசுவாசம்? அப்புறம் மனுஷன் நடிச்சா என்ன தப்பு?" என்பது ஒரு கட்சி. அந்தக் கட்சியின் பேச்சைக் கேட்டு ஒரு முறை நடித்தும் பார்த்தார்களாம். கிறிஸ்துவாக நடித்த பெண்ணின் பஞ்சுத் தாடி, தீர்ப்புச் சொல்லும் பிலாத்து முன்னால் கழன்று விழுந்து, பிலாத்துவே சிரித்துவிட்டாராம்.

எதிர்க்கட்சியில் ஒரே ஆள், ஸ்டெல்லா. இறுதியாண்டு மாணவி. "எங்க ஊர்ல மரந்தான் நடிக்கும்" என்றாளாம். அவள் ஊரில் கிறிஸ்துவுக்கு மட்டும் நடிகர் கிடையாது. தோளும் முழங்கையும் கழுத்தும் மடங்குகிற மரச்சுரூபம் ஒன்று உண்டு. நான்கு பேர் அதைத் தாங்கி நடத்திக்கொண்டு வருவார்கள், திரைக்குப் பின்னாலிருந்து ஒருவர் பேசுவார். எவனுக்கும் அந்த இடத்தில் நிற்கத் தகுதியில்லை என்பது ஊரின் நினைப்பு. வட்டத்துக்கு இது பிடித்துப்போயிற்று. இந்த வருடம் ஊர்க்காரர்கள் சுரூபத்தைத் தாங்க, மற்ற வேடங்களை மாணவிகள் நடிக்க, ஸ்டெல்லாவின் ஊரிலேயே பாஸ்கா போடுவதென்று நான்கு மாதம் ஒத்திகை பார்த்திருந்தார்கள்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். காலை ஏழு மணிக்கு ஏறினால் எட்டரைக்குள் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கலாம். அங்கிருந்து மன்னார்குடிக்கு இன்னும் ஒன்றே கால் மணி நேரம். ஜன்னல் ஓரம் கிடைத்தும் நான் தூங்கிவிட்டேன். வயதானால் ஜன்னல் ஓரமும் ஒன்றுதான், நடு இருக்கையும் ஒன்றுதான். மன்னார்குடியில் திருத்துறைப்பூண்டிச் சாலையில் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நிற்க இடமும் இல்லை.

அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கிய செடியைத் தார்ச்சாலையில் பரப்பி வைத்திருந்தார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரமே அடித்துக் கொடுத்துவிடும். சொந்தக் காரில் போகிறவர்கள் அங்கே மெதுவாகப் போங்கள், வழுக்கும். நிறுத்தத்தில் இறங்கியதும் வெவ்வேறு கட்சிகளின் கொடிக்கம்பங்கள் ஏழு, அவற்றின் நிழலில் ஒரே ஒரு ஆட்டோ. ஊருக்கு நாலு கிலோமீட்டர், நூற்று இருபது ரூபாய்.

"பாஸ்காவுக்கா வந்தீங்க?" என்றார் ஓட்டுநர். "ரெண்டு வருஷமா நடக்கலம்மா. இந்த வருஷமும் நடக்காது."

"ஏன்?"

"சாமியத் தூக்குற ஆளும் சாமியாரும் கோர்ட்டுல நிக்கிறாங்க. சாமி மட்டும் ரூமுக்குள்ள பூட்டிக் கெடக்காரு. அவருக்கு ஒருத்தர் ஜாமீன் எடுக்கணும்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, முழங்கால் மடங்க இடம் போதவில்லை.

பங்குக் கோயில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு மாணவிகளும் பாய் விரித்துக் கிடந்தார்கள். ரோமப் போர்வீரர்களின் அட்டைக் கவசங்கள் கரும்பலகையில் சாய்ந்திருந்தன. ரெஜினா கண்ணுக்குக் கீழே கருத்துப்போய், ஆறிய டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சொல்லித்தான் முழு விஷயமும் புரிந்தது.

ஸ்டெல்லாவின் அப்பா ஆரோக்கியம். கோயில் நிலத்தில் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், அவருடைய தாத்தா காலத்திலிருந்து குத்தகை. அந்த இடத்தில் கலை அறிவியல் கல்லூரி ஒன்று கட்ட வேண்டும் என்று திருச்சபை முடிவு செய்தது. ஆரோக்கியம் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பில் கையெழுத்துப் போட்டிருப்பவர் ஊர்ப் பாதிரியாரான பங்குத்தந்தை. சுரூபத்தின் தலைப்பக்கம் பிடிப்பது ஆரோக்கியத்தின் குடும்பம்தான், வேறு யாரும் தொடக் கூடாது. தூக்குகிறவர்கள் முந்தின நாள் மாலை கோயில் வாசலில் நின்று, யாரோடெல்லாம் மனத்தாங்கலோ அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பகையோடு தூக்கக் கூடாது. அது அந்த ஊர் வழக்கம். பெண்கள் வந்து நின்றால் ஊர் எப்படியாவது சமாதானமாகிவிடும் என்று நம்பித்தான் ரெஜினா கூட்டிவந்திருந்தாள்.

"வழக்குப் போட்டவன் பகையில்லாதவனா? வாபஸ் வாங்கட்டும், தூக்கட்டும்" என்பது உபதேசியார் சூசையின் தீர்ப்பு. கோயில் காரியங்களைக் கவனிக்கும் பெரியவர் அவர். சுரூப அறையின் சாவி அவர் இடுப்பில். நான் உட்கார்ந்திருக்கும்போதே வந்து, ரெஜினாவிடம் தணிவாகச் சொன்னார்: "ஒங்க பேச்சுன்னா ஆரோக்கியம் தட்டமாட்டான் டீச்சர். ஒரு வார்த்தை சொல்லுங்க. புள்ளைங்க இவ்வளவு தூரம் வந்திருக்கு. கட்டப்போறதும் காலேஜுதானே, சாராயக் கடையா?"

ரெஜினா டீயை வைத்துவிட்டு எழுந்தாள். மூன்று மணி வெயிலில் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஆரோக்கியம் களத்தில் உளுந்து தூற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு, மனைவியிடம் மோர் கொண்டுவரச் சொன்னார். மோர் குடித்தோம். வெயிலைப் பற்றிப் பேசினோம். ஸ்டெல்லாவின் மதிப்பெண்களைப் பற்றிப் பேசினோம். ரெஜினா விஷயத்துக்கு வரவேயில்லை. அவரே வந்தார்.

"சூசையண்ணன் அனுப்பிச்சாரா டீச்சர்?"

"ஆமா."

"எனக்குத் தெரியும். நான் பத்தாவது ஃபெயில். எம்பொண்ணு காலேஜு படிக்குதுன்னா ஒங்களால. ஹாஸ்டல் சீட்டுலேர்ந்து எல்லாம் நீங்கதான். நீங்க வாபஸ் வாங்குன்னா நாளைக்கே வாங்கிடறேன். ஏன்னுகூட கேக்கமாட்டேன்."

அவர் மனைவி சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். பரீட்சை மண்டபத்தில் ஒரு பெண் வெற்றுத்தாளை நீட்டி, "நீங்களே எழுதிக்குங்க மிஸ்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? ரெஜினாவின் முகம் அப்படி இருந்தது. நான்கு மாத ஒத்திகை, இருபத்திரண்டு பெண்கள், இவளை நம்பி வேன் அனுப்பிய கல்லூரி. எல்லாம் அவள் ஒரு வார்த்தையில் நடந்துவிடும். அதே வார்த்தையில் அந்த ஒன்பது மாவும் போய்விடும்.

"வேண்டாங்க" என்றாள். "நான் அதைக் கேக்கலை. நாடகம் இல்லாட்டிப் போகுது."

திரும்பி வரும்போது அவள் அழுதாள். வாய்க்கால் மதகில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். நாக்கு வறண்டிருந்தது, தண்ணீர் பாட்டிலைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

மாலை ஆறு மணிக்குக் கோயில் வாசலில் ஊர் கூடியது. சுரூபம் தூக்கும் மற்ற மூன்று பேரும் அவரவர் மனத்தாங்கல்களுக்கு மன்னிப்புக் கேட்டார்கள். ஒருவர் தன் மைத்துனரிடம் கேட்க, மைத்துனர், "மொதல்ல என் சைக்கிளக் குடு" என்றதும் கூட்டம் சிரித்தது. ரெஜினா நாடகத்தை நிறுத்திவிடுகிறோம் என்று சொல்ல எழுந்து நின்றாள். அப்போதுதான் ஆரோக்கியம், குளித்து வெள்ளை வேட்டி கட்டி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நேராகப் பங்குத்தந்தையின் முன்னால் போய் நின்றார். ஃபாதருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. எல்லாரையும்விட அவர்தான் களைத்துத் தெரிந்தார்.

"சாமி, தாலுகா ஆபீஸ்ல பத்துப் பேர் முன்னால ஒங்கள அங்கி போட்ட புரோக்கர்னு சொன்னேன். அது தப்பு. மன்னிச்சுக்குங்க."

ஃபாதர் ஆரோக்கியத்தை விட்டுவிட்டு, பெண்கள் பக்கம் நின்ற அவர் மனைவியைப் பார்த்தார். "நான் பீடத்துல நின்னு, கோயில் நிலத்தைப் பிடிச்சு வச்சிருக்கிறவன் திருடன்னு பிரசங்கம் பண்ணேன். நீங்க முன் வரிசையில உக்காந்திருந்தீங்க. அன்னைக்கே வந்து சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்குங்கம்மா."

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

உபதேசியார் விடவில்லை. "அதெல்லாம் சரி. கேஸு?"

"கேஸு கேஸுதாண்ணே" என்றார் ஆரோக்கியம். "நெலம் எனக்கு வேணும்."

"அப்ப எப்படித் தூக்கறது? பெரியவங்க என்ன சொல்லி வச்சிருக்காங்க?"

"பகையோட தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார் ஃபாதர். "எனக்கு இவர் மேல பகை இல்லை. அவருக்கு இருக்கான்னு கேளுங்க."

"இல்ல சாமி" என்ற ஆரோக்கியம், கொஞ்சம் தயங்கி, "புதன்கிழமை வாய்தா. நீங்க வந்துடணும்" என்றார்.

"வரேன். எங்க வக்கீல் உங்களை விடமாட்டாரு."

"எங்க ஆளும் லேசுப்பட்டவரு இல்ல சாமி."

கூட்டம் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றது. பிறகு சைக்கிள்கார மைத்துனர் சிரித்துவிட்டார். உபதேசியார் மட்டும் சிரிக்கவில்லை. "என்னமோ பண்ணுங்க" என்று இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து, யார் கையிலும் கொடுக்காமல் படியில் வைத்துவிட்டுப் போனார். அவரையும் குறை சொல்ல முடியாது. அவருடைய பேத்திக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி வேண்டும். மன்னார்குடியில் இடம் கிடைக்காவிட்டால் தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் அந்தப் பெண் தினமும் பஸ்ஸில் தொங்க முடியுமா?

மறுநாள் நாடகம் ஐந்து மணிக்கே தொடங்கியது. ஒன்பதுக்குள் பெண்கள் வேனில் ஏற வேண்டும் என்பது கல்லூரியின் கட்டளை. நான் எத்தனையோ கல்லூரி நாடகங்களுக்கு நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். அங்கெல்லாம் நடிகர் அழுதால் நாமும் அழுவோம். இங்கே அந்த மரமுகம் அழவும் இல்லை, சுளிக்கவும் இல்லை. அட்டைக் கவசம் போட்ட பெண்கள் அதை அடித்தார்கள், அது நடந்தது, விழுந்தது, எழுந்தது. தாங்குகிற நால்வரின் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. சிலுவையில் தலை சாய வேண்டிய இடத்தில் ஆரோக்கியம் பின்னால் நின்று கயிற்றைத் தளர்த்தினார். மெதுவாக, யாரையோ தூங்க வைப்பதுபோலத் தளர்த்தினார். பிலாத்துவாக நடித்த பெண் தன் வேடத்தை மறந்து கும்பிட்டாள். வாசகர் வட்டத்தின் சண்டை இதனால் தீர்ந்ததா என்று பிறகு ரெஜினாவைக் கேட்டேன். இல்லையாம், வேனிலேயே மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்களாம்.

அந்த இரவு மன்னார்குடி விடுதியில் காலுக்குத் தைலம் தேய்க்கும்போது எங்கள் வீட்டு வழக்கு நினைவுக்கு வந்தது. இதே பக்கத்தில் என் அப்பாவுக்கும் நிலம் இருந்தது, குத்தகைக்காரரோடு நீண்ட வழக்கும் இருந்தது. தீர்ப்பு வந்து, நிலம் அவர்கள் கைக்குப் போய், அப்பாவும் அந்த மனிதரும் காலமாகி எவ்வளவோ ஆயிற்று. இன்றைக்கும் அந்த வீட்டார் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வருவதில்லை, நாங்களும் போவதில்லை. வழக்கு என்றால் மனிதரை வெறுத்தே ஆகவேண்டும் என்று நாங்கள் படித்தவர்கள் எல்லாருமே நினைத்திருந்தோம். இதை எழுதும்போதும் உடம்பு அலுப்பு தீரவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஊர்ப் பெயரை, வழக்கு நடப்பதால், எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆனால் தவக்காலத்திலும் ஈஸ்டருக்குப் பிறகும் இந்தப் பக்கத்தில் பல ஊர்களில் பாஸ்கா உண்டு. மன்னார்குடியில் எந்தப் பங்குக் கோயிலில் விசாரித்தாலும் சொல்வார்கள். தங்குவதற்கும் மன்னார்குடிதான் வசதி. சாதாரண அறை அறுநூறு ரூபாய்க்குக் கிடைத்தது. தரையில் உட்கார முடியாதவர்கள் மடக்கு நாற்காலி கொண்டுபோங்கள், பின்வரிசையில் போட்டுக்கொள்ளலாம். தண்ணீர் அவசியம். சுரூபத்தை வெளியே எடுப்பதற்கு முன்னால் படம் பிடிக்கக் கூடாது, மேடைக்கு வந்தபின் பிடிக்கலாம். முந்தின நாள் மாலையே போய்விடுங்கள். அந்த மன்னிப்புக் கேட்கும் நேரத்தைத் தவறவிட்டால் பாதிதான் பார்த்ததாக அர்த்தம்.

புதன்கிழமை மாலை ரெஜினா போன் செய்தாள். வழக்கை ஜூன் மாதத்துக்குத் தள்ளி வைத்துவிட்டார்களாம். அன்று காலை பஸ் வராததால் ஃபாதரின் பைக்கிலேயே ஆரோக்கியமும் மன்னார்குடிக்குப் போயிருக்கிறார். கோர்ட் வாசலில் இருவரும் ஒன்றாக இறங்கியதைப் பார்த்து இரண்டு வக்கீல்களுக்கும் கோபமாம். உள்ளே போய் ஆளுக்கொரு பக்கம் நின்றிருக்கிறார்கள். திரும்பி வரும்போது, அந்த ஒன்பது மாவைத் தாண்டுகிற இடத்தில் ஃபாதர் வண்டியை மெதுவாக்கி, "இந்த வருஷம் குறுவை போடுவீங்களா?" என்று கேட்டாராம்.

"போடாம என்ன சாமி?" என்றாராம் ஆரோக்கியம்.