அக்காவுக்கு நான் செய்த தண்ணி மணி

பதில் தெரியாத வாத்தியாரை நான் முதன்முதலில் பார்த்தது ஏழாம் வகுப்பில்தான்.

திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் போகிற வழியில் எங்கள் ஊர். ஊருக்கு ஒரு நடுநிலைப் பள்ளி. எங்கள் சார் விழுப்புரத்துக்கு ஏதோ பயிற்சி என்று மூன்று நாள் போய்விட்டு, ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு திரும்பி வந்தார். புதுப் புத்தகம் என்று நினைத்தோம். பெட்டியைத் தரையில் கவிழ்த்தார். காலி பாட்டில், கிழிந்த சைக்கிள் டியூப், நூல்கண்டுக் கட்டை, ஐஸ் குச்சி, தெர்மாகோல், துருப்பிடித்த ஆணி. எங்கள் அம்மா பெருக்கி வெளியே தள்ளுகிற சாமான் அத்தனையும் அதில் இருந்தது.

"இனிமே வெள்ளிக்கிழமை மத்தியானம் புஸ்தகம் கெடையாது," என்றார் சார். "வீட்டுல யாருக்காவது ஒரு கஷ்டம் இருக்கும். இன்னான்னு போய்க் கேளுங்க. அது தீர்ற மாதிரி இதுல இருந்து ஒண்ணு செய்ங்க."

முதல் பெஞ்சுப் பையன் நோட்டைத் திறந்து பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டான். "ஆன்சர் சொல்லுங்க சார், எழுதிக்கிறோம்."

"ஆன்சர் எனக்குத் தெரியாதுடா."

"அப்ப யாருக்கு சார் தெரியும்?" என்று அவன் விடவில்லை. யாருக்கும் தெரியாது, நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு சார் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பதில் தெரியாமல் எப்படிச் சிவப்பு மையில் திருத்துவார் என்பதுதான் எங்கள் கவலை. ஒரே ஒரு கட்டளை மட்டும் போட்டார். வீட்டில் அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதை அப்படியே எழுத வேண்டும். நம் சரக்கைச் சேர்க்கக் கூடாது.

அன்றைக்குச் சாயந்திரமே நோட்டும் கையுமாக அப்பாவிடம் போய், "உனக்கு இன்னா கஷ்டம்பா?" என்று கேட்டேன்.

அப்பா என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஸ்கூல்ல கணக்கெடுக்கச் சொன்னாங்களா? பட்டா இல்லன்னு எழுது. மழை பேஞ்சா வீடு ஒழுவுதுன்னும் எழுது."

எழுதினேன். அதை எதிர்வீட்டுப் பெரியம்மா கேட்டுவிட்டார். அரைமணி நேரத்தில் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். கணவர் செத்து மூன்று வருஷமாகியும் உதவித்தொகை வரவில்லை என்று எழுதச் சொன்னார். கார்டு நம்பரையும் எழுதச் சொன்னார். அவர் பின்னால் இன்னும் மூன்று பேர். "தம்பி கையெழுத்து நல்லா இருக்குது, பேர தப்பில்லாம போடு," என்று ஒருவர் எனக்கு முறுக்கு கொடுத்தார். நான்கு பக்கம் நிறைந்துவிட்டது.

மறுநாள் சார் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இது கலெக்டருக்குப் போற மனுடா. பாட்டிலும் ரப்பரும் வெச்சி பட்டா செய்ய முடியுமா? கையால செஞ்சி தீக்கிற மாதிரி கஷ்டமா ஒண்ணு கேட்டுக்கினு வா."

அம்மாவைக் கேட்டேன். "நீதாண்டா என் கஷ்டம்," என்றது அம்மா. அதையும் அப்படியே எழுதினேன். கட்டளை கட்டளைதானே.

மிச்சம் இருந்தது அக்கா. அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முந்தின வருஷம் பிளஸ் டூவில் எல்லாப் பாடத்திலும் தேறி, கணக்கில் மட்டும் போய்விட்டது. வருகிற மார்ச்சில் மறுபடி எழுதப் போகிறாள். அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "இந்த ஒரு வாட்டிதான். பாஸானா காலேஜி. இல்லன்னா செருப்புக் கம்பெனி வேன்ல ஏறிடணும்." அந்த வேன் தினமும் காலையில் எங்கள் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். தெருவில் இரண்டு அக்காமார் சாப்பாட்டுப் பையோடு ஓடுவார்கள். அது அடிக்கும்போதெல்லாம் எங்கள் அக்கா கையில் இருக்கிற வேலையை ஒரு நிமிஷம் நிறுத்திவிடுவாள்.

அக்காவைக் கேட்டபோது அவள் அடுப்படி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே அம்மா.

"எனக்கு இன்னா கஷ்டமா? கொழாயடியில காத்துக்கினு கெடக்குறதுதான்! பன்னண்டு மணிக்குப் போனா நாலு மணிக்கு விடுறான் தண்ணிய. பெரிய பேஜாரு. நானா இருக்கங்காட்டி போறேன்."

நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இருந்தும் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திச் சொன்னாள்.

குழாய் எங்கள் வரிசையின் கோடியில், பூவரச மரத்தடியில் இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். மத்தியானத்துக்கு மேல் எப்போது வரும் என்று திறந்துவிடுகிறவருக்கே தெரியாது. மற்ற வீட்டுப் பெண்கள் வயல் வேலைக்குப் போய்விடுவார்கள். ஐந்து வீட்டுக் குடங்களையும் வரிசையாக வைத்துவிட்டு அக்கா மட்டும் தனியாகக் காவல் இருப்பாள். சனிக்கிழமைகளில் நான் போய்ப் பார்த்தால், கவிழ்த்த குடத்தின்மேல் உட்கார்ந்து, மடியில் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாயை முணுமுணுவென்று அசைத்துக்கொண்டிருப்பாள். பாவம், பொழுது போகாமல்தான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைப்பேன்.

இந்தக் கஷ்டத்தைத் தீர்க்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

யோசனை சுலபமாக வந்தது. ஒரு லிட்டர் பாட்டிலின் தலையை வெட்டிக் குழாய்க்கு அடியில் தொங்கவிட வேண்டும். தண்ணீர் வந்தால் பாட்டில் நிரம்பிக் கனத்துக் கீழே இறங்கும். இறங்கும்போது கயிற்றை இழுக்கும். கயிறு மரத்தில் அடித்த நூல்கண்டுக் கட்டைமேல் ஓடி, வேலியோரமாகவே வந்து, எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே நுழையும். அங்கே ஓர் எவர்சில்வர் தட்டைச் சாய்த்து, விழாமல் ஒரு குச்சியை முட்டுக் கொடுத்திருப்பேன். கயிறு குச்சியை இழுத்தால் தட்டு தரையில் விழும்.

செய்வது சுலபமாக இல்லை. முதலில் சணல் கட்டினேன். பாட்டில் நிரம்பியது, சணல் நீண்டது, தட்டு அப்படியே நின்றது. சாரிடம் போய் "ஃபெயிலு சார்," என்றேன். "அப்படியா! ரொம்ப நல்லது. ஏன் ஃபெயிலாச்சி?" என்று அவர் முகம் மலர்ந்து கேட்டார். கணக்கில் ஃபெயிலானதற்கு அக்கா வாங்கிய திட்டு எனக்குத் தெரியும். என் ஃபெயிலுக்கு மட்டும் ஏன் இத்தனை சந்தோஷம் என்று விளங்கவில்லை.

சணலுக்குப் பதிலாக நைலான் நரம்பு கட்டினேன். தட்டு விழுந்தது. அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. குழாயில் தண்ணீர் இல்லை. பாதி வழியில் ஒரு வெள்ளாடு நரம்பில் முதுகைச் சொறிந்துகொண்டு நின்றது. கவட்டைக் குச்சிகளை நட்டு நரம்பை ஆட்டுக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு டமார் என்று தட்டு விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. வெறும் தட்டுதான் என்றாலும் ஊரில் அதற்குத் தண்ணி மணி என்று பேர் வந்துவிட்டது.

"எம் புள்ள இஞ்சினீரு!" என்று அம்மா தெருவுக்கெல்லாம் சொன்னது. அக்காவைப் பார்த்து, "இனிமே நீ அங்க போயி காயாத. வீட்டுலயே இரு. அடிச்சா போய்ப் பிடிச்சிக்கினு வந்தா போதும்," என்றது.

அக்கா என்னைத் தூக்கிச் சுற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். "நல்லா செஞ்சிருக்கடா," என்று மட்டும் சொன்னாள். நரம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அக்கா மத்தியானங்களில் வீட்டில் இருந்தாள். புத்தகத்தை விரித்தால், "சும்மாதான உக்காந்துக்கினு இருக்க, அந்த மல்லாட்டைய உடைச்சிப் போடு," என்று அம்மா ஒரு வேர்க்கடலை மூட்டையைத் தள்ளும். உடைத்து முடித்தால் சித்தி தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து மடியில் விட்டுவிட்டுப் போகும். குழந்தை தூங்கினால் அப்பாவுக்கு டீ. டீ போட்டு முடித்தால் டமார். கணக்குப் புத்தகம் அரிசி டிரம்மின்மேல் ஏறிக்கொண்டது. அதன்மேல் வெற்றிலைத் தட்டு, வெற்றிலைத் தட்டின்மேல் சீப்பு.

அக்கா இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் சள்ளென்று விழுந்தாள். காத்துக் கிடக்கிற கஷ்டம் தீர்ந்த பிறகுமா ஒருத்திக்குக் கோபம் வரும்?

ஒருநாள் மணி அடிக்கவில்லை. குழாயடியில் போய்ப் பார்த்தால் நரம்பு மரத்தில் முடிச்சு அவிழ்ந்து தொங்கியது. மறுபடியும் ஆடுதான் என்று சாரிடம் சொன்னேன். சார் தாடையைச் சொறிந்துகொண்டு, "ஆட்டுக்கு முடிச்சு அவுக்கத் தெரியுமாடா?" என்றார். இரண்டு நாள் அதையே யோசித்தேன். எங்கள் ஊர் ஆடுகள் கெட்டிக்கார ஆடுகள்தான். இரட்டை முடிச்சுப் போட்டேன்.

"இவ்ளோ கெட்டியாவாடா போடுவ?" என்றாள் அக்கா.

பிறகு சார் வீட்டுக்கே வந்து பார்த்தார். பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். தட்டு விழுந்தது. அம்மா கைதட்டியது. சார் அக்காவிடம், "உன் கஷ்டம் தீந்துச்சாம்மா?" என்று கேட்டார். அக்கா அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். "தீந்துச்சி சார்," என்றாள்.

"அப்ப விழுப்புரம் கண்காட்சிக்கு இதையே எடுத்துக்கினு போலாம். தை மாசக் கடைசியில."

"எடுத்துக்கினுன்னா... கழட்டியா சார்?" என்று அக்கா கேட்டாள்.

"கழட்டிதாம்மா. முழுசா."

அந்த நிமிஷத்திலிருந்து அக்கா ஆளே மாறிவிட்டாள். எனக்குச் சார்ட் எழுதிக் கொடுத்தாள். பாட்டில், கட்டை, தட்டு எல்லாவற்றையும் நான்கு கலரில் வரைந்தாள். நான் என்ன பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து, தப்பு விட்டால் தலையில் குட்டினாள். போகிற அன்று காலையில் அவளே குழாயடிக்குப் போய், என் இரட்டை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, நரம்பைச் சுருட்டி, கவட்டைக் குச்சிகளைப் பிடுங்கி, மரத்தில் அடித்த ஆணியைக்கூட விடாமல் பெட்டியில் போட்டாள். பஸ் ஏற்றிவிடும்போது ஜன்னல் வழியாகச் சொன்னாள்:

"அங்க யாராவது கேட்டா குடுத்துட்டு வாடா. யோசிக்காத."

எத்தனை பெரிய மனசு என் அக்காவுக்கு என்று விழுப்புரம் எட்டுகிற வரைக்கும் நினைத்துக்கொண்டே போனேன். விழுப்புரத்தில் பஸ் நிற்கும்போதுதான், நாங்கள் இறங்க வேண்டிய இடம் முன்னாலேயே போய்விட்டது என்று சாருக்குத் தெரிந்தது. எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்ப நடந்தோம்.

கண்காட்சியில் ஒரு மேடம் என் மணியை ஏழெட்டு முறை அடிக்கவிட்டுப் பார்த்தார். மற்ற வாத்தியார்களுக்குப் பயிற்சி நடக்கும்போது காட்ட வேண்டும், ஸ்கூல் லீவு விடுகிற வரைக்கும் இங்கேயே இருக்கட்டுமா என்று கேட்டார். எனக்குக் கொடுக்க மனசில்லை. அக்கா சொல்லியிருந்ததால் கொடுத்துவிட்டேன்.

வெறுங்கையோடு வந்ததைப் பார்த்து அம்மா பிடித்துக்கொண்டது. "அறிவு இருக்குதாடா ஒனக்கு? தட்டையுமா குடுத்துட்டு வந்த? இனிமே தண்ணி வர்றது யாருக்குத் தெரியும்?"

அக்கா நடுவில் வந்தாள். "வுடும்மா, புள்ளைக்கு ஒரு மரியாத. நான் போறேன் கொழாயடிக்கு. இன்னா பண்றது, என் தலையெழுத்து," என்று பெருமூச்சு விட்டாள். மறுநாள் பதினொன்றரை மணிக்கே குடங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினாள் என்று அம்மா சொன்னது. டிரம்மின்மேல் வெற்றிலைத் தட்டு மட்டும் இருந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. என்னால்தானே அக்காவுக்கு மறுபடி இந்தத் தண்டனை? வீட்டில் இன்னொரு பாட்டில் இருந்தது. "நாளைக்கே வேற ஒண்ணு செஞ்சிடறேன்கா, இதவிட நல்லா."

அக்கா பதறிப்போனாள். "வேணான்டா! பரீட்ச முடியட்டும். முடிஞ்ச மறுநாளு செய், நானே ஆணி அடிச்சித் தர்றேன்."

கஷ்டம் தீர்வதற்குக்கூடத் தேதி குறிக்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. அக்கா கணக்கில் இருநூற்றுக்கு நூற்று இருபத்தெட்டு. செருப்புக் கம்பெனி வேன் வந்து வழக்கம்போல ஹாரன் அடித்தது, அக்கா தட்டில் இருந்த இட்லியை நிறுத்தாமல் சாப்பிட்டாள். அப்பா திண்டிவனம் போய்க் காலேஜ் விண்ணப்பம் வாங்கிவந்தார். அம்மா பெருமுக்கல் மலையேறித் தேங்காய் உடைத்தது.

எனக்கு மட்டும் ஒரு குறை உறுத்திக்கொண்டே இருந்தது. நாலைந்து நாள் மென்று முழுங்கிவிட்டு, ஒருநாள் அக்காவிடமே போய் மன்னிப்புக் கேட்டேன்.

"அந்த மணிய நான் விழுப்புரத்துல குடுத்துட்டு வந்திருக்கக் கூடாதுக்கா. அது வீட்டுல இருந்திருந்தா நீ கொழாயடியில அவ்ளோ நேரம் வீணா உக்காந்திருக்க மாட்ட. வீட்டுலயே படிச்சி இன்னும் அம்பது மார்க்கு வாங்கியிருப்ப."

அக்கா என்னைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவள், நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். என்ன சொல்லிவிட்டேன் என்று தெரியாமல், அவள் முடிக்கட்டும் என்று நான் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன்.