அவளுடைய நட்சத்திரம்

அண்ணாமலையார் சன்னதியில் அன்று எனக்கு முன்னால் ஒரு அம்மா, அவருடைய வீட்டுக்காரர், அவர்களின் இரண்டு பெண்கள். கடைசியில் நான். பக்கத்தில் கீழ்பென்னாத்தூரில் இருந்தும், கோயிலுக்குள் போனது அதுதான் முதல் தடவை. எனக்காக அர்ச்சனை செய்ய என் மனைவி தனியாகத்தான் வருவாள். அவள் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

“பேரு, நட்சத்திரம் சொல்லுங்க” என்றார் குருக்கள்.

பேரைச் சொன்னேன். “நட்சத்திரம் என் வீட்டுக்காரிக்குத்தான் தெரியும் சாமி.”

“அவங்களக் கேட்டுட்டு வாங்க.”

“அவ இல்லீங்க. அவளோடது ரோகிணி. அது மட்டுந்தான் தெரியும்.”

முன்னால் நின்ற அம்மா திரும்பிப் பார்த்தார். “அண்ணனுக்கும் ரோகிணினே வெச்சு, எங்களோட சேத்துச் சொல்லிடுங்க சாமி.”

குருக்கள் வரிசையாகச் சொன்னார். என் பேரோடு ரோகிணி என்று வந்ததும் அவளையும் சேர்த்து எண்ணிக்கொண்டேன். ஆறு பேர்.