கல்யாண முருங்கைக்கு அந்தப் பக்கம்

சந்திரமதிக்குக் கோபம் வந்தால் கழுவிக் கவிழ்த்து வைத்த பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவுவாள். அன்று காலையில் அவள் போட்ட சத்தம் காஹாங் கம்பத்தில், அந்தச் சின்ன ஊரில், நாலு வீட்டுக்குக் கேட்டது. கோபம் பாத்திரத்தின் மேல் இல்லை. வேலியோரம் நேற்று வந்து இறங்கிய செங்கல்லின் மேல். அதைவிட, கம்பி வேலிக்கு இந்தப் பக்கம், அவள் மண்ணில், எவனோ இழுத்துக் கட்டிவிட்டுப் போயிருந்த சிவப்பு நூலின் மேல்.

சுவர் வரப்போகும் இடத்துக்குத்தான் அந்த நூல். சுவர் வந்துவிட்டால் அவள் வீட்டுப் பக்கச் சந்தில் சக்கர நாற்காலி போகாது.

அந்த நாற்காலியில் போகிறவர் அவள் புருஷன் ஐயாசாமி. சர்க்கரை வியாதியில் ஒரு கால் போயிற்று. பிறகு கிட்னியும் போயிற்று. ஒன்றுவிட்டு ஒரு நாள் வேன் வந்து குளுவாங்குக்கு ஏற்றிப்போய், இரத்தத்தைச் சுத்தம் செய்து கொண்டுவந்து விடுகிறது. வீட்டு முன்வாசல் வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்திக் கட்டியது; படிகள் செங்குத்து. அதனால் அடுப்படிக் கதவைத் திறந்து, பலகை போட்டு, நாற்காலியை இறக்கி, சந்து வழியாகத் தள்ளிக்கொண்டுதான் ரோட்டுக்கு வர வேண்டும். இப்போதே கம்பியை முழங்கையால் நெட்டிக்கொண்டு தள்ளுகிறாள். கம்பி வளைந்து கொடுக்கும். செங்கல் கொடுக்குமா?

சுவர் கட்டுகிறவன் ஊர் பேர் தெரியாதவன் என்றால் அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. யுகேந்திரன். ஐயாசாமியின் கூடப் பிறந்த தங்கை செல்வராணியின் மகன். காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார்ந்து வீறிட்டவன். அப்போது அந்த மாமனுக்கு இரண்டு காலும் இருந்தன.

செல்வராணி மட்டும் யார்? சந்திரமதி லாயாங் லாயாங் என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தபோது வீட்டில் மாமியார் இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். மாமனார் விடியுமுன்னே பால் மரம் வெட்டப் போய்விடுவார். செல்வராணி தலை நிறையப் பேனோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த குட்டி. பேன் பார்த்தது, வயதுக்கு வந்தபோது தண்ணீர் ஊற்றியது, மாப்பிள்ளை தேடியது எல்லாம் அண்ணி. மாப்பிள்ளை மணியத்தின் அண்ணி காளியம்மா, சந்திரமதிக்குப் பெரியப்பா மகள். அந்த வழியாக அவள் இழுத்து வந்த சம்பந்தம் அது.

கல்யாணம் இதே மனையில் பந்தல் போட்டு நடந்தது. அரசாணிக்காலுக்கு ஊன்றிய கல்யாண முருங்கைக் கொம்பை, சடங்கெல்லாம் முடிந்த பிறகு ஐயாசாமியே எடுத்துப்போய் நட்டார். குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடமாகப் பார்த்து நட்டார், காயக் கூடாது என்று. அது துளிர்த்தால் பெண் நன்றாக வாழ்வாள் என்பது நம்பிக்கை. துளிர்த்தது. சிவப்பாகப் பூத்தும் நின்றது. பிறகு பக்கத்து மனை மணியத்துக்குக் கிடைத்தது. பழைய மூங்கில் வேலி மரத்துக்கு அந்தப் பக்கம் நன்றாகத் தள்ளி இருந்தது. அதைக் கறையான் தின்று சாய்த்ததும் மணியம் புதுக் கம்பி கொண்டுவந்தார். தூண் மாதிரி மரம் நிற்கிறதே என்று அதிலேயே கம்பியைச் சுற்றி முறுக்கிவிட்டார். வேலி உள்ளே நகர்ந்தது. கல்யாணக் கொம்பைப் பிடுங்கித் தள்ளி நடு என்று யார் சொல்வார்கள்? தங்கச்சிதானே, அந்தப் பக்கம் கொஞ்சம் போனால்தான் என்ன என்று இருந்துவிட்டார்கள். நிலத்தை அளந்தவர்கள் அந்தக் காலத்தில் புதைத்துவிட்டுப் போன கல் எந்தச் சேற்றுக்கு அடியில் கிடக்கிறதோ.

போன ஞாயிற்றுக்கிழமை சந்திரமதி அவனிடம் நேரிலேயே கேட்டாள். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவன், வாரக் கடைசியில் வந்து தலை காட்டுவான். வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்; கம்பத்தில் அதற்குக் காடி என்று பேர்.

"யுகா, சுவரு எங்கய்யா வருது?"

"வேலி இருக்கிற லைன்லதான் அத்தை. புதுசா ஒண்ணும் எடுக்கல லா."

"வேலி எப்படி அங்க வந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"நான் பொறந்ததுலேருந்து அங்கதானே இருக்கு. எனக்கு ரெண்டு காடி நிக்கணும் அத்தை, பெரிய இரும்புக் கேட்டு வைக்கணும். சிங்கப்பூர்ல இவ்ளோ எடம் என்ன வெல தெரியுமா?"

"அப்ப அங்கயே போயிக் கட்டு."

அவன் சிரித்தான். "கோவப்படாதீங்க. மாமாவ முன்வாசல் வழியா தூக்கி எறக்கலாம். நான் இருந்தா நானே தூக்குவேன்."

"நீ இருக்கறது சனி, ஞாயிறு. ஒங்க மாமாவோட கிட்னி என்ன, சனி ஞாயிறு மட்டுமா லீவு எடுக்குது?"

அவன் காரைத் துடைப்பதில் மும்முரமானான். அதுகூடப் போகட்டும். பேச்சு நடந்த நேரமெல்லாம் வீட்டு ஜன்னல் திரை அசைந்துகொண்டிருந்தது. செல்வராணி உள்ளே நின்று ஒரு சொல் விடாமல் கேட்டாள். வெளியே வரவில்லை. அதுதான் சந்திரமதிக்கு ஆறவில்லை. இந்தக் கையால் பேன் பார்த்த தலை திரைக்குப் பின்னால் ஒளிகிறது!

புருஷனிடம் வந்து கொட்டினாள். அளக்கிற ஆளைக் கூப்பிடுவோம் என்றாள்.

"விடு மதி. தங்கச்சி மேல ஆள் கூட்டிட்டு வந்தவன்னு எனக்குப் பேரு வேணாம்."

"அப்ப நீங்க வேனுக்கு எப்படிப் போவீங்க?"

"யாராச்சும் தூக்கிட்டுப் போங்க."

"யாரு? நானா? என் முதுகு என்ன இரும்புல செஞ்சதா?"

ஐயாசாமி டிவி சத்தத்தைக் கூட்டினார். தங்கச்சி என்றால் அவருக்கு அப்படித்தான். கம்பத்துக்கே தெரிந்த விஷயம். பொறுத்துப் போகிற புண்ணியம் அவருக்கு, தள்ளுகிற பாடு இவளுக்கு.

அதுவரைக்கும் நடந்தது இது. அன்று காலை பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே லோரிச் சத்தம் கேட்டது. சுவர் வேலையை எடுத்திருந்த சீன முதலாளி, தவுக்கே, இறங்கினார். கூடவே மரம் அறுக்கும் மிஷினோடு ஓர் ஆள். யுகேந்திரன் லீவு போட்டுவிட்டு நின்றான். மிஷின்காரன் நேரே கல்யாண முருங்கையிடம் போய், முள்ளில் படாமல் எங்கே வாய் வைப்பது என்று சுற்றிப் பார்த்தான்.

சந்திரமதி ஈரக் கையோடு ஓடி வந்தாள். "என்னத்தடா வெட்டப் போற?"

"மரம் நூலுக்குக் குறுக்க நிக்குது அத்தை. சும்மா வேலி மரம்தானே."

இவனுக்குத் தெரியவே தெரியாது! பெற்றவள் பிள்ளைக்குச் சொல்லவே இல்லை. வெட்டட்டும், ராணிக்கு வேண்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததும் மணியத்தின் முகம் வந்தது. எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிய லோரியை ஓட்டி ஓட்டிக் குறுகிப் போன மனிதர். கல்யாணக் கொம்பு சாய்ந்தால் புருஷனுக்கு ஆகாது என்பார்கள்; அவர் யாருக்கு என்ன செய்தார்? மிஷின் உறுமியது. சந்திரமதி அவனைப் பார்த்துக் கத்தவில்லை, ஜன்னல் திரையைப் பார்த்துக் கத்தினாள்.

"ராணி! வெளிய வாடி! ஒன் மகன் ஒன் அரசாணிக்கால வெட்டுறான்!"

திரை அசையவில்லை, கதவே படாரென்று திறந்தது. செல்வராணி முடிந்தும் முடியாத கொண்டையோடு ஓடி வந்து, முள் மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். மிஷின்காரன் பயந்து பின்னால் குதித்தான்.

"டேய், நிறுத்துடா! ஒங்கப்பா லோரிய எடுத்துக்கிட்டு மெர்சிங் ரோட்டுல போயிக்கிட்டு இருக்காரு. நீ இங்க என் கல்யாணக் கொம்ப வெட்டுறியா!"

"மா, இது வேலி மரம்மா..."

"வேலி மரமா? எங்கண்ணன் கையால நட்டது! அவரு மனையில, அவங்க வீட்டுத் தண்ணி ஓடுற எடத்துல நட்டது! அப்ப இங்க வேலி ஏதுடா? வேலி அந்தா, ஒன் காடி நிக்குதே, அங்க இருந்துச்சு! ஒங்கப்பாதான் பின்னாடி கொண்டாந்து கம்பிய இதுல சுத்துனாரு! அண்ணன் மரத்துல கை வைக்க நீ யாருடா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன?

தவுக்கே தமிழர்களோடு வளர்ந்தவர், பாதி புரிந்திருக்கும். "அலமாக்" என்று தலையில் கை வைத்தார். பிறகு யுகேந்திரனிடம், "போக்கோ சியாப்பா புன்யா?" மரம் யாருடையது என்று கேட்டார். அவன் அம்மாவைப் பார்த்தான். தவுக்கே மறுபடியும் கேட்டார். செல்வராணி யார் முகத்தையும் பார்க்காமல் அண்ணன் வீட்டுப் பக்கம் கையை நீட்டினாள்.

தவுக்கே குனிந்து நூலை அவிழ்த்துச் சுருட்டினார். அடுத்தவர் நிலத்தில் சுவர் கட்டி வம்பில் மாட்ட அவருக்கு என்ன தலையெழுத்து?

"என்னம்மா நீ! ரெண்டு காடி எப்படி நிக்கும்?" என்றான் யுகேந்திரன்.

"ஒண்ண வித்துடு" என்றாள் சந்திரமதி.

அவன் உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினான். மரத்தடியில் இரண்டு பெண்பிள்ளைகள் மட்டும் நின்றார்கள். செல்வராணியின் முழங்கையெல்லாம் முள் கீறிய கோடு. வேறொரு நாளாக இருந்தால் அண்ணி மஞ்சள் குழைத்துக்கொண்டு ஓடி வந்திருப்பாள்.

"இந்த வாயி ஞாயித்துக்கெழம எங்க போச்சு?"

"அவன் கோவிச்சுக்குவான் அண்ணி. ஒரே புள்ள. கோவிச்சுக்கிட்டா இந்தப் பக்கமே வர மாட்டான்."

"ஒங்கண்ணன் வீட்டுக்குள்ளயே கெடந்து போனா பரவால்லையா?"

"அண்ணன் கோவிச்சுக்க மாட்டாருன்னு..."

"ஆமா. அவரு கோவிச்சுக்க மாட்டாரு. அதுக்குத்தான் நான் இருக்கேன்!"

செல்வராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். சந்திரமதி கூப்பிடவில்லை.

சுவர் பழைய மூங்கில் வேலி இருந்த இடத்திலேயே எழும்பியது. கல்யாண முருங்கை இந்தப் பக்கம் நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு நாற்காலி தாராளமாகப் போகும் அளவுக்கு இடம் வந்தது. யுகேந்திரன் மாமாவிடம் வந்து தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. செல்வராணி ஒருநாள் சுவருக்கு மேலாகக் கருவாட்டுக் குழம்பு நீட்டினாள். சந்திரமதி கை நீட்டவில்லை. கிண்ணம் சுவர் மேலேயே இருந்து, காக்கை வந்து பார்த்த பிறகு திரும்பிப் போயிற்று. மாமனைப் பார்த்து அவன் வாயால் சொல்லட்டும், பிறகு குழம்பைப் பார்க்கலாம்.

வேன் வந்த ஒரு சனிக்கிழமை அவள் ஐயாசாமியைப் பலகையில் இறக்கிச் சந்தில் தள்ளினாள். முழங்கையால் எதையும் நெட்ட வேண்டியிருக்கவில்லை. ஐயாசாமி புதுச் சுவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பக்கம் யுகேந்திரன் காரை முன்னும் பின்னும் எடுத்துத் திணறும் சத்தம் கேட்டது.

"பாவம் புள்ள" என்றார் ஐயாசாமி. "திருப்ப எடம் பத்தல போல. இன்னும் கொஞ்சம் விட்டுக் குடுத்திருக்கலாம்."

சந்திரமதி தள்ளிய வேகத்தில் சக்கரம் ஒரு கல்லில் ஏறித் தடாலென்று இறங்கியது. அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வேனில் கூடவே ஏறி உட்கார்ந்தவள், குளுவாங் போய்ச் சேரும்வரை அவர் பக்கம் திரும்பவே இல்லை.