சுண்ணாம்புக் கை

பம்மலிலிருந்து தாம்பரம் போகும் பஸ்ஸில் ஏறினால் சவுரிமுத்து உட்கார மாட்டார். பின்வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காற்று அடிக்கிற பக்கமாக நின்றுகொள்வார். இடம் காலியாக இருந்தாலும் அப்படித்தான். இருபத்தொன்பது வருஷமாகத் தோல் கம்பெனியில் வேலை. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மயிர் கழலுகிற பதத்தில் இழுத்து எடுக்கிற தொட்டி வேலை. அந்த நாற்றம் எந்த சோப்புக்கும் போகாது. ஒரு தடவை பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். அவருக்குக் கோபம் வரவில்லை. அன்றோடு உட்காருவதை விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

கடப்பேரியில் ஒரு சந்துக்குள் வாடகை வீடு. வேலை விட்டு வந்தால் பின்பக்கக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும் என்பது, கல்யாணமான புதிதில் மனைவி ஜான்சி போட்ட சட்டம். மகள் கிறிஸ்டினா பள்ளிக்கூடம் போன காலத்தில், சிநேகிதிகள் வருகிற நாளில் அப்பா கொஞ்சம் லேட்டாக வந்தால் தேவலை என்று அம்மாவிடம் சொல்லி வைப்பாள். அது தனக்குத் தெரியும் என்று அவர் காட்டிக்கொண்டதில்லை. பஸ் ஸ்டாண்டில் இன்னொரு டீ குடித்துவிட்டு வருவார்.

அவர் அழுது யாரும் பார்த்தது கிடையாது. மெஷினில் மாட்டி இடது சுண்டுவிரல் நுனி போனபோது துணியைச் சுற்றிக்கொண்டு தானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர். அம்மா செத்த அன்று பந்தல், பெட்டி, பாதிரியார் என்று எல்லாவற்றுக்கும் அவர்தான் ஓடினார். கல்லு மாதிரி மனுஷன் என்று சந்தில் சொன்னார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள்.

நாய் டப்பா வந்தது பதினோரு வருஷத்துக்கு முன்னால். கம்பெனி கேட்டுக்கு வெளியே கவிழ்ந்து கிடந்த எண்ணெய் டப்பாவுக்குள் நடுங்கிக்கொண்டிருந்த குட்டி. மழை நாள். சட்டைக்குள் போட்டு எடுத்துவந்தார். ஜான்சி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சோற்றில் பாலை ஊற்றி அவளே வைத்தாள்.

நாய்க்கு மட்டும் அந்த நாற்றம் உயிர். சாயங்காலம் ஆறேகாலுக்கு அவர் சந்து முனையில் திரும்பும்போதே ஓடிவந்து லுங்கிக்குள் மூக்கைப் புதைத்துக்கொள்ளும். முழங்கால், கை, செருப்பு என்று ஒரு இடம் விடாமல் மோந்து பார்க்கும். உலகத்திலேயே உயர்ந்த அத்தர் பூசிக்கொண்டு வந்தவரைப் போல அவரைச் சுற்றிச் சுற்றி வரும். குழாயடிக்குப் போகுமுன் படிக்கட்டில் கால் மணி நேரம் அதற்காகவே உட்காருவார். நாள் முழுக்கத் தோலோடு மல்லுக்கட்டி முதுகு விட்டுப்போன மனிதருக்கு அந்தக் கால் மணி நேரந்தான் நாளின் கூலி. அன்றைக்கு எத்தனை தோல் ஏறியது, யார் யாரோடு சண்டை போட்டான் என்பதை எல்லாம் அதனிடம்தான் சொல்லுவார். ஜான்சியிடம் சொல்ல வாய் வராத கதைகள்கூட அதனிடம் வரும்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் டப்பா சாப்பாட்டை விட்டது. தண்ணீராகக் குடித்துத் தீர்த்தது. கால்நடை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கிட்னி போய்விட்டது என்றார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் டிரிப்ஸ். ஷேர் ஆட்டோவில் நாயை ஏற்றமாட்டேன் என்று ஒவ்வொருத்தராகப் போனார்கள். பக்கத்து வீட்டு அன்பு தன் ஆட்டோவைக் கொண்டுவந்தான். ஊசி குத்தும்போது நாயின் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியது சவுரிமுத்துவின் வேலை. மூன்று வாரம் அரை அரை நாளாக லீவு போட்டார். சூப்பர்வைசர் ராஜகோபாலன் கேட்டபோது, சொந்தத்தில் ஒருத்தருக்கு உடம்பு முடியவில்லை என்று சொன்னார். பொய் சொன்னதாக அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் நாய் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

கடைசி ஒரு வாரம் அவர் குழாயடிக்குப் போகவில்லை. வேலைத் துணியோடேயே உள்ளே வந்து, மூலையில் சாக்கின்மேல் படுத்திருந்த டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். எழுந்து வர முடியாவிட்டாலும் அதன் மூக்கு மட்டும் அசையும். ஜான்சி ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, அவருக்குத் தட்டை அங்கேயே கொண்டுவந்து வைத்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அவருடைய அழுக்குச் சட்டைக்குள் முகத்தை வைத்தபடி அது அடங்கிவிட்டது.

வீட்டைச் சுற்றிச் சாண் இடம் விடாமல் சிமெண்ட். கார்ப்பரேஷனுக்குப் போன் செய்தால் வண்டி அனுப்பி எடுத்துக்கொண்டு போவார்கள் என்று வீட்டுக்காரர் சொன்னார். சவுரிமுத்து அன்புவின் ஆட்டோவில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பம்மலுக்கே போனார். கம்பெனியின் பின்பக்கம், உடைந்த மரப்பீப்பாய்கள் கிடக்கிற காலி இடம். வாட்ச்மேன் பக்தவச்சலம் யாரையும் கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டு, கடப்பாரையையும் எடுத்துவந்தார்.

வருஷக்கணக்காக உப்பு இறங்கி இறுகிப்போன மண். மாற்றி மாற்றிக் குத்தியும் இடுப்பளவு பள்ளம் எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. சட்டையோடு சேர்த்து டப்பாவை உள்ளே இறக்கினார். மற்ற நாய்கள் தோண்டிவிடாமல் இருக்க மேலே உப்பு கொட்டலாம் என்று பக்தவச்சலம் கோடவுனிலிருந்து அரை மூட்டையை இழுத்துவந்தார். தோலுக்குத் தடவுகிற கல்லுப்பு.

சவுரிமுத்து மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டார்.

“உப்பு வோணாம்ணா. அது தோலுக்குப் போடறது.”

பக்தவச்சலம் மூட்டையைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டு, நாலு கருங்கல்லைத் தூக்கிவந்து போட்டார். அப்போதும் சவுரிமுத்துவுக்குக் கண் கலங்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. சேலையூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் கிறிஸ்டினா வந்து, அப்பா ஏதாவது பேசுவார் என்று சாயங்காலம்வரை இருந்து பார்த்துவிட்டுப் போனாள்.

திங்களும் செவ்வாயும் வேலைக்குப் போனார். ஆறேகாலுக்கு சந்து முனையில் திரும்பினார். படிக்கட்டில் உட்காராமல் நேராகக் குழாயடிக்குப் போனார். சாப்பிட்டார். ஜான்சி கேட்டதற்கெல்லாம் ஆமாம், இல்லை என்று சொன்னார். உடம்பில் யாரோ ஈரத் தோலைக் கட்டிவிட்ட மாதிரி ஒரு கனம். பஸ் படி ஏறினாலே மூச்சு வாங்கியது.

புதன்கிழமை பகல் பதினோரு மணி இருக்கும். தொட்டியிலிருந்து ஒரு எருமைத் தோலை இழுத்துக்கொண்டிருந்தார். தோல் வழுக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப உள்ளே போயிற்று. மூன்றாவது தடவை நழுவியபோது அவர் அப்படியே நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. முதலில் வியர்வை என்றுதான் நினைத்தார். பிறகு தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது தன்னுடைய சத்தம் என்பதே அவருக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

முகத்தை மூடிக்கொள்ள வழியில்லை. முழங்கைவரை சுண்ணாம்பு. கையுறையோ, சட்டைக் கையோ, எதைக் கண்ணில் வைத்தாலும் கண் போய்விடும். இரண்டு கைகளையும் உடம்பைவிட்டு விலக்கிப் பிடித்துக்கொண்டு, வேலைசெய்கிற பத்துப் பதினைந்து ஆம்பளைகளுக்கு நடுவில், மூக்கு ஒழுக நின்று அழுதார்.

லோடு இறக்குகிற ஒருத்தன் சிரித்துவிட்டான். ராஜகோபாலன் அலுவலக அறையிலிருந்து வந்து, அந்த சொந்தக்காரருக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார்.

“சொந்தக்காரர் இல்ல சார். நாய். பதினோரு வருஷம் எங்கூட இருந்துச்சு. சனிக்கிழம செத்துப்போச்சு.”

ராஜகோபாலன் சரி, சரி என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

சதை சீவும் மெஷினை நிறுத்திவிட்டு வெற்றிவேல் வந்தான். கம்பெனியில் வாய்க்கும் கைக்கும் பேர்போனவன். தினமும் யாரோடாவது தகராறு. சவுரிமுத்துவோடேயே தீபாவளி போனஸ் விஷயத்தில் முறைத்துக்கொண்டு நாலு மாதமாகப் பேச்சில்லை. சாப்பாட்டுப் பையிலிருந்து துவைத்த துண்டை எடுத்துவந்தவன், சவுரிமுத்துவின் தாடையைப் பிடித்து, குழந்தைக்குத் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்துவிட்டான். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

“அழுண்ணா. கைய மட்டும் கண்ணாண்ட கொண்டும்போவாத.”

குழாய்க்குக் கூட்டிப்போய் உறையைக் கழற்றி, தானே தண்ணீர் ஊற்றி முழங்கைவரை கழுவிவிட்டான். சவுரிமுத்து தரையில் உட்கார்ந்தார். வெற்றிவேலும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் போகிற சாக்கடையைப் பார்த்தபடி சொன்னான்.

“எங்க வூட்லயும் ஒண்ணு இருந்துச்சு. போன தீபாவளிக்கு வெடிச் சத்தத்துல மிரண்டு ஓடிப்போய் ஜிஎஸ்டி ரோட்டுல லாரில அடிபட்டுச்சு. பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடி அழ வெக்கமா போச்சு. பாத்ரூம்ல பைப்ப தொறந்து வுட்டுகினு அழுதேன். அப்பலேர்ந்து ஒரே பேஜாரு. யாரப் பாத்தாலும் கோவந்தான் வருது.”

அவன் கண்ணும் சிவந்திருந்தது. துண்டு ஒன்றுதான் இருந்தது. ஒரு முனையில் அவனும் துடைத்துக்கொண்டான். சிரித்த லோடுமேன் கொஞ்ச நேரம் கழித்து இரண்டு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். ராஜகோபாலன் அன்றைக்குச் சவுரிமுத்துவை வீட்டுக்குப் போகச் சொன்னார். அவர் போகவில்லை. ஊறின தோலை அப்படியே விட்டால் கெட்டுப்போகும். அழுதுகொண்டே தொட்டியைக் காலிசெய்தார். துடைக்க யாராவது ஒருத்தர் அவ்வப்போது வந்துபோனார்கள்.

வீட்டிலும் அது நிற்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். உள்ளே வந்து அழுதார். ஜான்சி முதலில் பயந்துபோனாள். முப்பது வருஷத்தில் அவள் பார்த்திராத முகம் அது. பிறகு அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். கதவு திறந்தே இருந்தது. என்ன சத்தம் என்று எட்டிப்பார்த்த வீட்டுக்காரருக்கு அவள்தான் பதில் சொன்னாள். “நாய நெனச்சு அழறாரு. அழட்டும்.” வீட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டு மாடிக்குப் போனார்.

ரசஞ்சோறு கரைத்துக் கொடுத்தாள். பாதி சாப்பிட்டார். எட்டு மணிக்கெல்லாம் பாயில் சாய்ந்தவர், மறுநாள் விடிந்து வெயில் முகத்தில் அடிக்கிறவரை புரண்டுகூடப் படுக்கவில்லை. ஏழு மணி பஸ் போய்விட்டது. ஜான்சி எழுப்பவில்லை. மத்தியானத்துக்குமேல்தான் வேலைக்குப் போனார். அவருடைய தொட்டியில் வெற்றிவேல் இறங்கி நின்று தோல் இழுத்துக்கொண்டிருந்தான்.